பாப்பாவுக்கு, எம்.இ. பணம் கட்டுமுன்

செங்கல்பட்டு



மாமா எழுதுவது. அக்கா நேற்று போனில் எல்லாம் சொன்னாள். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் எம்.இ. சீட்டு, வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம், அதற்குத் திருக்கழுக்குன்றம் மனையை அடமானம் வைப்பது என்று உங்க அப்பா முடிவே பண்ணிவிட்டாராம். போனில் பேசினால் நான் சத்தம் போடுவேன். அதனால்தான் கடிதம்.

எம்.இ. படிக்காதே என்று சொல்ல மாட்டேன். எனர்ஜி இன்ஜினியரிங் நல்ல படிப்பு. தாராளமாகப் படி. எப்போது படிப்பது, யார் காசில் படிப்பது என்பதில் மட்டும்தான் எனக்கு இரண்டு வார்த்தை இருக்கிறது.

அந்தக் கல்லூரியில் "இன்டர்ன்ஷிப் உறுதி" என்கிறார்களாமே. எந்த ஆலையில், எத்தனை வாரம், எந்த மெஷினில், யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டாயா? மூன்றாம் வருஷத்தில் நீ போன இன்பிளான்ட் டிரெய்னிங் எனக்கு மறக்கவில்லை. ஐந்து நாள் ஏ.சி. ஹாலில் பவர்பாயிண்ட் காட்டினார்கள். கடைசி நாள் ஹெல்மெட் போட்டுக் குரூப் போட்டோ. சான்றிதழுக்குத் தனியாகக் காசு. அந்த ஐந்து நாளில் ஒரு ஸ்பேனரையாவது தொட்டாயா என்று கேட்டேன், நீ சிரித்தாய்.

நான் வேலை பார்த்த பம்ப் ஹவுஸில் ஒருமுறை எம்.இ. முடித்த பையன் ஒருவன் பயிற்சிக்கு வந்தான். கெட்டிக்காரன், பம்ப் கர்வ் எல்லாம் மனப்பாடம். நைட் ஷிப்டில் ஒரு பம்பின் கிளாண்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருக்கிறான். லீக் என்று நினைத்து, நட்டை இரண்டு பக்கமும் சொட்டு நிற்கும்வரை இறுக்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் பேக்கிங் கருகிப் புகை வந்தது. பிரித்துப் பார்த்தால் ஷாஃப்ட் ஸ்லீவ் முழுக்கக் கோடு கோடாக அரித்திருக்கிறது. கிளாண்ட் சொட்டத்தான் வேண்டும் பாப்பா. அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைச் சூடாகாமல் காப்பாற்றுகிறது. எத்தனை சொட்டு சரி என்பது கிளாண்ட் மேல் கைவைத்துச் சூடு பார்த்துப் பழகினால்தான் பிடிபடும். அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. ஆறு வருஷப் படிப்பில் ஒரு நாள்கூட யாரும் அவனைப் பம்புக்குப் பக்கத்தில் நிறுத்தவில்லை.

நீ எங்கே இருக்கிறாய் என்று யோசி. கோவளம் தாண்டினால் கல்பாக்கம் வரைக்கும் கடல் தண்ணீரை இழுக்கிற வேலைதான். நெம்மேலியில் 2013-ல் தினம் 10 கோடி லிட்டருக்கு ஒரு ஆலை வந்தது, 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு 2023-ல் அடிக்கல் போட்டார்கள். உப்புத் தண்ணீரைச் சவ்வுக்குள் தள்ள சுமார் 60 பார் அழுத்தம் வேண்டும். கரண்ட் செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. அதை எப்படிக் குறைப்பது என்பது உன் எனர்ஜி இன்ஜினியரிங் இல்லாமல் வேறென்ன?

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடலுக்கு அடியில் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் வருகிறது. அதன் சுவரில் பச்சை ஆழி என்கிற சிப்பி கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும். குளோரின் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சொறிமீன் கூட்டமாக வந்தால் சல்லடையில் அப்பிக்கொள்ளும். அந்த ஆழியை வைத்தே எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அந்தக் கட்டுரைகளின் கேள்விகள் எல்லாம் பம்ப் ஹவுஸிலிருந்து லேபுக்குப் போனவை.

எம்.இ.யில் மூன்றாவது, நாலாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட்தான் பெரிது. கையில் கேள்வி இல்லாமல் அங்கே போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கடையில் ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கி பைண்டு போடுகிறார்கள். உன் அண்ணனைக் கேள், விலை சொல்வான்.

அண்ணன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். தாத்தா பாகம் பிரித்தபோது வல்லிபுரத்தில் கிணற்றோடு இருந்த பங்கை நான் அக்காவுக்கே விட்டுக்கொடுத்தேன். பாலாற்றங்கரை மண், மூன்று போகம் விளைந்தது. அதை விற்றுத்தான் உன் அண்ணன் எம்.இ. படித்தான். விற்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும், நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் படித்து முடித்து என்ன ஆனான்? கம்பெனிக்காரன் அனுபவம் கேட்டான், இவனிடம் இல்லை. வாத்தியார் வேலைக்குப் போனான். கொரோனாவில் பாதிச் சம்பளம். இப்போதும் அட்மிஷன் சீசன் வந்தால் ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்க அனுப்புகிறார்கள். அவன் எதுவும் வெளியில் சொல்ல மாட்டான், ரோஷக்காரன். வல்லிபுரம் போனது போதும். திருக்கழுக்குன்றமும் போக வேண்டுமா?

சரி, உனக்கு இரண்டு வழி. ஒன்று, வெள்ளிக்கிழமை பணத்தைக் கட்டிச் சேர்ந்துவிடுவது. இன்னொன்று, 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு வருஷம் கிராஜுவேட் அப்ரண்டிஸாகப் போவது. தரமணியில் இருக்கிற அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் அதைப் பார்த்துக்கொள்கிறது. உதவித்தொகை உண்டு, ஒப்பந்தம் உண்டு, முடிவில் அரசாங்கச் சான்றிதழும் உண்டு. ஷிப்ட் முடிந்து வந்து கேட் பரீட்சைக்குப் படி. இந்தத் தடவை நாலு மார்க்கில்தானே தவறியது. தேறினால் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் மாதம் 12,400 ரூபாய், 24 மாதம் வரும். அதுவே மூன்று லட்சத்துக்குப் பக்கம். கேட் நன்றாக வந்தால் கல்பாக்கத்திலேயே பார்க் (பாபா அணு ஆராய்ச்சி மையம்) பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சம்பளம் மாதிரிப் பணம் கொடுத்துப் படிக்க வைப்பார்கள். வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர். நான் எதையும் திணிக்கவில்லை, முடிவு உன்னுடையது.

ஒரு வருஷம் தள்ளிப்போனால் கல்யாணப் பேச்சு வரும் என்று பயப்படுகிறாயோ என்னவோ. அதை அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நிறையத் திட்டிவிட்டேனோ? கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம் வீட்டில் முதல் இன்ஜினியர் பெண் நீ. உன் ரிசல்ட் வந்த அன்றைக்கு இந்தத் தெரு முழுக்க லட்டு கொடுத்தவன் நான். வெள்ளிக்கிழமையே பணம் கட்டிச் சேர்ந்தாலும் உன்னைக் கொண்டுபோய் விட நான்தான் வருவேன். லேப்டாப் என் செலவு, அப்பாவிடம் சொல்லாதே. அத்தை உனக்காக மாவடு போட்டு ஜாடி கட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வா, வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
மாமா

பி.கு: வரும்போது டிகிரி சான்றிதழ், ஆதார், பாங்க் பாஸ்புக் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வா. அப்ரண்டிஸ் போர்ட்டலில் சும்மா பதிவு மட்டும் செய்து வைப்போம்.