கண்ணாடிச் சீட்டு

நுழையும் முன்

மூக்குக்கண்ணாடி வாங்க இன்று கடைத்தெருவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. கைப்பேசி வழியாகவே வாங்கலாம், விலையும் குறைவு. ஆயினும் மருத்துவமனையில் எழுதித் தரும் சிறு சீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கே அக்குறைந்த விலை முழுப்பயன் தரும். அச்சீட்டைப் படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

நாற்பது வயதைக் கடந்தோர் ஊசியில் நூல் கோக்கும்போது ஊசியைக் கண்ணருகே கொண்டுவருவதில்லை. கையை நீட்டித் தொலைவில் பிடிப்பர். மருந்துப் புட்டியில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வீட்டுப் பிள்ளைகளை அழைப்பர். இந்நிலைக்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். மலையாளத்திலும் இதே சொல்தான் வழங்குகிறது. சாளேசுரம் என்பது மற்றொரு வழக்கு. நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்னும் வடநாட்டுச் சொல்லோடு தொடர்புடையது அது. வயதையே குறைபாட்டின் பெயராக்கிய அச்சொல் பொருத்தமானதே. வெள்ளெழுத்து ஒரு நோயன்று. விழியில் உள்ள வில்லை ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்ச்சியை இழப்பதால் அது வருகிறது, எவருக்கும் விலக்கில்லை.

இக்குறைபாடு ஒருவரது கூலியையும் குறைக்கும் என்பதை ஓர் ஆய்வு காட்டியுள்ளது. அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 751 தொழிலாளர்களை ஆய்வாளர்கள் இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினருக்கு உடனே கண்ணாடி வழங்கினர்; மற்றக் குழுவினருக்கு ஆய்வு முடிந்தபின் வழங்கினர். கண்ணாடி அணிந்தோர் நாள்தோறும் பறித்த இலையின் அளவு, அணியாதோரைக் காட்டிலும் 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இவ்வாய்வு 2018-ஆம் ஆண்டு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளிவந்தது. அசாமில் கண்ட இவ்வுண்மை தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தோட்டங்களுக்கு அயலானது அன்று. அங்கும் வரையறுத்த எடைக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்கூலி உண்டு. கொழுந்தையும் முற்றிய இலையையும் கண்தான் பிரித்தறிய வேண்டும்.

அவ்வாறாயின் தேவையுள்ளோர் அனைவரும் ஏன் கண்ணாடி அணிவதில்லை? விலை ஒரு காரணம். தொலைவு மற்றொன்று. மூணாறுப் பகுதியினர் போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்குகின்றனர். குமுளிப் பகுதியினர் கம்பம் வழியாகச் செல்கின்றனர். பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையாறு ஆகிய எல்லை ஊரார் கோயம்புத்தூரை நாடுகின்றனர். கண்ணைச் சோதிக்க ஒரு நாள், கண்ணாடியைப் பெற்றுவர மற்றொரு நாள் என இருமுறை சென்றால் இருநாள் கூலி போய்விடும். பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் அதற்கு மேல்.

இச்சிக்கலை முன்பே உணர்ந்தவர்களுள் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி ஒருவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்த நிலையிலும் அறுவை மருத்துவம் செய்தவர். தேனியில் 1985-ஆம் ஆண்டும் கோயம்புத்தூரில் 1997-ஆம் ஆண்டும் அம்மருத்துவமனையின் கிளைகள் அமைந்தன. ஊர்ப்புறக் கண் முகாம்களில் அவர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் நோயாளி எங்கேனும் கண்ணாடி வாங்கிக்கொள்வார் என்பது நடைமுறையில் பொய்த்தது. சீட்டு பெட்டியிலேயே கிடந்தது. ஆகவே முகாம் நடக்கும் இடத்திலேயே வில்லையைச் சட்டத்தில் பொருத்திக் கையோடு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தனர்.

இணையவழி விற்பனை அதே சிக்கலை வேறொரு வழியில் அணுகுகிறது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு வார்பி பார்க்கர் என்னும் நிறுவனம் தோன்றியது. அதை நிறுவிய மாணவர்களுள் ஒருவர், பயணத்தில் தொலைத்த கண்ணாடிக்கு ஈடாகப் புதியது வாங்க இயலாமல் தவித்தவர். சட்டமும் வில்லையும் சேர்த்து 95 டாலருக்கு அந்நிறுவனம் விற்றது. இந்தியாவில் லென்ஸ்கார்ட் அதே 2010-ஆம் ஆண்டு இணையவழிக் கண்ணாடி விற்பனையைத் தொடங்கியது. இன்று பல நிறுவனங்கள் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகச் சட்டமும் எளிய வில்லையும் தருகின்றன. பார்வைக் கண்ணாடிக்கு உரிய சரக்கு மற்றும் சேவை வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாக உள்ளது. விலை எவ்வளவு இறங்கக்கூடும் என்பதற்குச் செருமனி நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டின் ஆஃப்மூத் சான்றாவார். எஃகுக் கம்பியைக் கையால் வளைத்துச் சட்டம் செய்யும் சிறு கருவியை அவர் வடிவமைத்தார். அச்சட்டத்தில் அமையும் கண்ணாடியின் மூலப்பொருட் செலவு ஏறத்தாழ ஒரு டாலரே.

இனிச் சீட்டுக்கு வருவோம். கடையில் வாங்கும்போது சீட்டைக் கடைக்காரர் படிக்கிறார். இணையத்தில் வாங்கும்போது அதில் உள்ள எண்களை வாங்குபவரே உள்ளிட வேண்டும். ஒரு மாணவியின் சீட்டு இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்:

வலக்கண்: ஸ்பியர் −2.00, சிலிண்டர் −0.50, ஆக்சிஸ் 180
இடக்கண்: ஸ்பியர் −1.75

சில சீட்டுகளில் வலம், இடம் என்பதற்கு மாற்றாக ஓ.டி., ஓ.எஸ். என்று இருக்கும். அவை இலத்தீன் மொழிச் சுருக்கங்கள். முன்னது வலக்கண், பின்னது இடக்கண்.

ஸ்பியர் என்பது வில்லையின் முதன்மைத் திறன். குறைக்குறி கிட்டப்பார்வையையும் கூட்டல்குறி தூரப்பார்வையையும் காட்டும். இத்திறனின் அலகு டயாப்டர். ஒன்றை அவ்வெண்ணால் வகுத்தால் மீட்டரில் ஒரு தொலைவு கிடைக்கும். இரண்டு டயாப்டர் எனில் அரை மீட்டர். அதாவது −2.00 உடைய கண் 50 சென்டிமீட்டர் வரைதான் தெளிவாகக் காணும். அதற்கு அப்பால் உள்ள கரும்பலகை மங்கும். கடைசி வரிசையில் அமரும் பிள்ளை படிப்பில் நாட்டமற்றவள் என்று பெயரெடுப்பதற்கு இந்தச் சிறு எண் பலமுறை காரணமாகிறது.

திறன்கள் கால் டயாப்டர் படிகளில் அமைவன: 0.25, 0.50, 0.75, 1.00. ஆகவே −2.52 என்றொரு கண்ணாடி இல்லை. அவ்வாறு தட்டச்சாகியிருந்தால் அது பிழையே. குறியை மாற்றி இடுவது இதனினும் பெரும்பிழை. −2.00 என்பதற்கு +2.00 என்று தேர்ந்தெடுத்தால் வேறுபாடு நான்கு டயாப்டர்.

சிலிண்டர் என்பது பார்வைச் சிதறலைத் திருத்தும் அளவு. கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாதபோது இது தேவைப்படும். எந்தத் திசையில் திருத்த வேண்டும் என்பதை ஆக்சிஸ் பாகையில் கூறும்; அது 1 முதல் 180 வரை இருக்கும். சிலிண்டரைக் குறித்துவிட்டு ஆக்சிசை விட்டுவிட்டால் கண்ணாடி செய்ய இயலாது. ஆட் என்னும் எண் பெரும்பாலும் வெள்ளெழுத்து உடையோர் சீட்டில் காணப்படும். படிப்பதற்காகக் கூட்ட வேண்டிய திறன் அது.

இங்கே பலரைக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. ஓரிடத்தில் சோதித்தபோது −1.00, −0.50, 180 என்றும் மற்றோரிடத்தில் −1.50, +0.50, 90 என்றும் எழுதித் தந்தால், ஒருவர் தவறிழைத்தார் என்று எண்ணத் தோன்றும். இரண்டும் ஒன்றே. ஸ்பியரோடு சிலிண்டரைக் கூட்டி, சிலிண்டரின் குறியை மாற்றி, ஆக்சிசை 90 பாகை திருப்பினால் ஒரு முறையிலிருந்து மற்றொன்று வந்துவிடும். இரு முறைகளையும் கலந்து எழுதுவதே தவறு.

சீட்டில் பெரும்பாலும் விடுபடும் எண் பி.டி. எனப்படும் கண்மணித் தொலைவு. இரு கண்மணிகளின் நடுவிடங்களுக்கு இடையே உள்ள தொலைவை மில்லிமீட்டரில் குறிப்பது இது. ஒவ்வொரு வில்லைக்கும் ஒளியியல் மையம் ஒன்று உண்டு. அது கண்மணிக்கு நேரே அமைய வேண்டும். மையம் விலகினால் வில்லை முப்பட்டகம்போல் ஒளியை வளைத்துக் கண்ணை இழுக்கும். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துத் திறனோடு பெருக்கினால் இழுப்பின் அளவு கிடைக்கும். நான்கு டயாப்டர் வில்லை 5 மில்லிமீட்டர் விலகினால் 0.5 × 4 = 2 முப்பட்டக டயாப்டர். தலைவலி வர இது போதும். ஒரு டயாப்டர் வில்லையில் அதே விலகல் அரை முப்பட்டக டயாப்டரே ஆதலால் பலர் அதை உணர்வதில்லை. எண் பெரிதாக ஆக, பி.டி.யைத் துல்லியமாக அறிவது முதன்மை பெறுகிறது. சோதனை முடிந்ததும் "பி.டி.யையும் எழுதித் தாருங்கள்" என்று கேட்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. கேட்கத் தயங்குவோரே மிகுதி.

சட்டத்தின் அளவைத் தேட வேண்டுவதில்லை. பழைய கண்ணாடியின் காம்பின் உட்புறத்தில் 50, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். வில்லையின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், காம்பின் நீளம் என்பன அவை, அனைத்தும் மில்லிமீட்டர். பழையது பொருந்தியிருந்தால் அதனை ஒட்டிய அளவையே புதிதிலும் கொள்ளலாம்.

குறைந்த விலையில் தொடங்கும் கணக்கு, சேர்ப்புகளால் உயர்வதும் உண்டு. குறைந்த திறனுக்கு மெல்லிய உயர்விலை வில்லை தேவையில்லை. பிள்ளைகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லை ஏற்றது, அதற்குச் செலவிடலாம். நீலஒளியைத் தடுக்கும் பூச்சு கண் அயர்ச்சியைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்வர். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, குறுகிய காலத்தில் அத்தகைய பயனைக் காணவில்லை.

ஒரே வில்லையில் தொலைவும் அண்மையும் காட்டும் புரோகிரெசிவ் கண்ணாடியை நேரில் வாங்குவதே நன்று. அதற்குக் கண்மணியின் உயரத்தையும் முகத்தில் அணிந்த சட்டத்தின்மேல் அளக்க வேண்டும்.

கண்ணாடி வாங்கும் பயணத்தை இணையம் குறைக்கும். கண்ணைச் சோதிக்கும் பயணத்தைக் குறைக்காது. சிறுவர் கண் இயல்பாகவே இறுகிக் குவிவதால் கருவியில் மட்டும் சோதித்தால் குறைத்திறன் மிகுதியாகக் காட்டக்கூடும். அதனால்தான் மருத்துவர் சொட்டு மருந்திட்டுச் சோதிக்கிறார். பெரியோருக்குக் கண் அழுத்தமும் நீரிழிவால் விழித்திரையில் வரும் கேடும் வலியின்றி வளர்வன. கைப்பேசித் திரை அவற்றைக் காணாது. ஈராண்டுக்கு முந்தைய சீட்டைக்கொண்டு புதுக்கண்ணாடி வாங்குவது சிக்கனம் ஆகாது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டத்தின்கீழ் இலவசக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு உண்டு. வாங்குவதற்கு முன் அதைப் பள்ளியில் கேட்டறிதல் வேண்டும்.

தபாலில் வந்த கண்ணாடியை அணிவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, வில்லை வழியே எதிரே உள்ள கதவு நிலையைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை மெல்ல மேலும் கீழும் அசைத்தால், குறைத்திறன் வில்லையில் காட்சி அசைக்கும் திசையிலேயே நகரும். கூட்டல்திறன் வில்லையில் எதிர்த்திசையில் நகரும். கண்ணாடியைச் சக்கரம்போல் சற்றுத் திருப்பும்போது நிலையின் நேர்க்கோடு சாய்ந்து தோன்றினால் அதில் சிலிண்டர் உண்டு, சாயாவிடில் இல்லை. மேற்கண்ட மாணவியின் கண்ணாடியில் வலவில்லை கோட்டைச் சாய்க்க வேண்டும். இடவில்லை சாய்க்கக் கூடாது. மாறியிருந்தால் வில்லைகள் இடம் மாறிவிட்டன என்று பொருள், திருப்பி அனுப்பலாம். ஐயமிருப்பின் அருகில் உள்ள கண்ணாடிக் கடையில் லென்சோமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லிச் சீட்டோடு ஒப்பிடலாம்.

சொற்பொருள்

கருவிழி – விழியின் முன்புறத்தை மூடிய ஒளிபுகும் படலம்
முப்பட்டகம் – ஒளியை வளைக்கும் மூன்று முகக் கண்ணாடிக் கட்டி
காம்பு – காதில் மாட்டும் கண்ணாடிச் சட்டத்தின் பகுதி

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வெள்ளெழுத்து, கண்ணாடி. ('ஆடி' என்னும் சொல்லின் பழம்பொருளை அகராதியில் காண்க.)

2. ஸ்பியர் −1.25 உடைய கண் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகக் காணும்?

3. இவற்றுள் சீட்டில் இடம்பெற இயலாத எண் எது? −1.75, +2.50, −3.40, +0.25

4. −2.00, −0.75, 90 என்னும் அளவைக் கூட்டல் சிலிண்டர் முறையில் மாற்றி எழுதுக.

5. தங்கள் பாட்டியின் கண்ணாடிச் சீட்டில் பி.டி. குறிக்கப்படவில்லை. அதனை அளந்து தருமாறு வேண்டி, கண் மருத்துவமனைக் கண்ணாடிப் பிரிவுப் பொறுப்பாளருக்குப் பத்து வரிகளில் ஒரு கடிதம் எழுதுக.