உப்பு நீரின் பக்குவமும் மென்பொருட் பணியின் ஆயத்தமும்

புத்தளம், பாலாவிப் பகுதிகளின் உப்பளங்களை அறியாத மாணவர் நம் கல்லூரியில் இரார். ஆயினும், பாத்திக்குப் பாத்தி நீர் மாற்றப்படும் வேளையை அங்குள்ளோர் எவ்வாறு தீர்மானிக்கின்றனர் என்பதை நம்மிற் பலர் நின்று கவனித்ததில்லை. கணினித் துறையிற் புகுந்துள்ள பழைய மாணவர்க்கு அத்தீர்மானம் பெரிதும் பயன்படும் என்பது நம் கருத்து.

கடல்நீர் போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகை செறிவுடையது. அது பெரும் பாத்திகளில் வெயிலாலும் காற்றாலும் வற்றும்போது முதலிற் கல்சியம் காபனேற்றுப் படியும். அடுத்த பாத்திகளிற் கல்சியம் சல்பேற்றுப் படியும். செறிவு 25 பாகையை அணுகும்போதே நீர் விளைபாத்திக்கு விடப்படும். முந்தி விட்டால் சல்பேற்று உப்போடு கலந்து விளைவைக் கெடுக்கும். பிந்தினாலோ, வாராத இடத்திலேயே உப்பு விளைந்து வீணாகும். 30 பாகையளவிற் கசப்புத் தரும் மக்னீசிய உப்புக்களும் சேரத் தொடங்குமாதலின், அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிடல் வேண்டும். ஆகவே பக்குவத்திற்குக் கீழெல்லை ஒன்றும் மேலெல்லை ஒன்றும் உள. மேலெல்லையை மறப்போரே உலகில் மிகுதி!

இனி மென்பொருளுக்கு வருவோம். 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் பதினேழு வல்லுநர் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை வெளியிட்டனர். அஜைல் முறைகளுட் பெயர்பெற்ற ஸ்கிரம், ஒரு மாதத்திற்கு மேற்படாத சிறு காலச் சுற்றுக்களில் வேலையை முடித்தளிக்கச் சொல்வது. எவ்வேலையை அடுத்த சுற்றில் எடுப்பது என்பதே வினா. இதற்கெனச் சில குழுக்கள் ‘ஆயத்த வரைவிலக்கணம்’ என நிபந்தனைகளை வகுத்துக்கொள்கின்றன. 2020 ஆம் ஆண்டின் ஸ்கிரம் வழிகாட்டி அத்தகைய பட்டியலை விதிக்கவில்லை. ஒரு சுற்றுக்குள் முடிக்கத்தக்க வேலை தெரிவுக்கு ஆயத்தமானது என்ற அளவிலே அமைகின்றது.

உடப்பு மீனவர்க்கு அன்றன்றைய மீன் விலையைக் கைத்தொலைபேசியில் அறிவிக்கும் செயலி ஒன்றை ஒரு குழு ஆக்குவதாகக் கொள்வோம். விலையை யார் தருவார், எத்தனை மணிக்குத் தருவார் என்பது தெரியாமல் வேலையை எடுத்தால் மூன்றாம் நாளே கை ஓய்ந்துவிடும். அரைகுறை வேலை அடுத்தவர் வேலையோடு கலந்து அதனையுங் கெடுக்கும். இது முந்தி விட்ட நீர். மாறாக, திரையின் நிறம் முதலாக எல்லாம் வரையப்பெற்று, எல்லா அதிகாரிகளும் கையொப்பமிட்ட பின்னரே தொடங்குவோம் என்றிருந்தால் மீன்பிடிப் பருவமே கழிந்துவிடும். நிறத்தை வேலையின் நடுவே கேட்டறியலாம். விலை தருபவரை அவ்வாறு தேட முடியாது. எந்த ஐயம் வேலையை நிறுத்தும், எது நிறுத்தாது என்று பிரித்தறிவதே இங்கு திறமை. இத்திறமை மேலாளரிடம் மட்டும் இருந்து பயனில்லை. வேலையைச் செய்யப்போகிறவரே இவ்வினாக்களை எழுப்பவேண்டும். கல்லூரியை விட்டுப் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர் கேட்க அஞ்சி வாளாவிருத்தலே பல நாள் உழைப்பை விழுங்குகின்றது.

இன்னுமொன்று. உப்பளத்தில் எல்லாப் பாத்தி நீரும் ஒருசேர 25 பாகை அடையுமாறு எவரும் காத்திருப்பதில்லை. ஒன்றில் விளையும்போதே முந்தியதில் நீர் செறிந்துகொண்டிருக்கும்; பெரும் பாத்தியிற் புதுநீர் நிற்கும். பணிப் பட்டியலும் அவ்வாறே: அண்மையில் எடுக்கவேண்டியவை நுணுகித் தெளிந்திருக்க, தொலைவிலுள்ளவை ஒரு வரிக் குறிப்பாய்க் கிடந்தாற் போதும். ஆறு திங்களுக்குப் பின் வரும் வேலையை இன்றே விரித்தெழுதுவோர், வடகீழ்ப் பருவமழைக்கு முன்னாளில் எல்லாப் பாத்திகளையும் நிரப்புவாரை ஒப்பர்.