ஜெபம் வறண்டு போனால்

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் காய்ந்து கிடக்கிறது. வேதம் வாசித்தாலும் ஒட்டவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. விசுவாசம் போனவருக்கு இந்தக் கவலையே வந்திருக்காது.

அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது உலகமே திகைத்தது. கொல்கத்தாச் சேரிகளில் பணி தொடங்கிய காலம் முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், சிறு இடைவெளி தவிர, கடவுளின் அருகாமையை அவர் உணரவேயில்லை. ஆனாலும் விடியற்காலை ஜெபத்தை விடவில்லை. சாகக் கிடந்தவர்களின் புண்ணைக் கழுவுவதையும் விடவில்லை. 1961 வாக்கில் இயேசு சபைக் குரு ஜோசப் நாய்னரிடம் மனம் திறந்த பிறகே, அந்த இருளைத் தன் பணியின் ஒரு பகுதியாக ஏற்க அவரால் முடிந்தது. மனம் விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1548-இல் அச்சான ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் லொயோலா இஞ்ஞாசியார் தரும் யோசனை துணிச்சலானது: வறட்சி நாட்களில் பழைய தீர்மானங்களை மாற்றாதீர்கள்; ஜெப நேரத்தைக் குறைக்காமல், சற்றுக் கூட்டுங்கள்.

வார்த்தை வராதவர்கள் 88-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கலாம். இருளிலேயே முடியும் அந்தப் புலம்பலும் வேதத்தில் இடம்பெற்ற ஜெபம்தான்.

உடம்பையும் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், போதகரோடு மருத்துவரையும் பாருங்கள்.