காட்சிக்கு நிறுத்திய போர் ஊர்திகளைப் பேணுதல்

இரும்பு வன்மையுடையது, ஆதலின் இரும்பாலாய பொருள் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாதென்பது பலர் எண்ணம். இவ்வெண்ணத்தாலேயே, பொதுவிடங்களிலும் படைவீட்டு வாயில்களிலும் மேடைமீது நிறுத்தப்பெற்ற பழைய போர் ஊர்திகள் பல, புறத்தே பொலிவும் அகத்தே சிதைவுமாய் நிற்கின்றன.

இவற்றுள் தமிழ்நாட்டார்க்கு மிக அணித்தானது விஜயந்தா என்னும் டாங்கி. ஆங்கில நாட்டு விக்கர்ஸ் கம்பெனியாரின் வரைவைத் தழுவியது இது. சென்னையை அடுத்த ஆவடித் தொழிற்சாலையினின்று 1965ஆம் ஆண்டில் முதல் வண்டி வெளிப்போந்தது. நிறை ஏறக்குறைய 39 டன். பீரங்கிக் குழலின் உள்விட்டம் 105 மில்லிமீட்டர். உள்ளே நால்வர் இருந்து இயக்குவர். 1971ஆம் ஆண்டுப் போரிற் பணி புரிந்து, நாளடைவிற் படையினின்றும் நீங்கிக் காட்சிப் பொருளாயிற்று. அகமதுநகரில் 1994இல் ஏற்பட்ட டாங்கிப் பொருட்காட்சிச்சாலையில் இதனையும், 1965ஆம் ஆண்டுப் போரிற் கைப்பற்றிய பாட்டன் டாங்கியையும் காணலாம்.

ஓடாது நிற்கும் வண்டிக்கு என்ன கேடு வரும் என வினவலாம். ஜலகண்டாபுரத்தார் விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. எடப்பாடி வழியே சங்ககிரிக்குச் சென்று, அங்குள்ள லாரிப் பட்டறையொன்றிற் கேட்பாராக. நாள்தோறும் ஓடும் லாரியினும் ஓராண்டு சும்மா நின்ற லாரியே தொல்லை மிக்கது என்பர். உறுப்புகளின்மேற் படிந்த எண்ணெய் வடிந்துவிடும். ரப்பர் உலர்ந்து வெடிக்கும். டயர் ஒருபுறமே அமுங்கித் தட்டையாகும்.

டாங்கிக்குப் பெரும் பகை அதனுள்ளே தங்கும் நீர். எஞ்சின்மேல் உள்ள காற்றுத் துளைகளின் வழியாகவும், சுழலும் கோபுரத்தின் அடி விளிம்பு வழியாகவும் மழைநீர் புகும். அடித்தட்டில் அதனை வெளியேற்ற வடிதுளைகள் உண்டு. அவற்றை அடைப்பான் இட்டு மூடியிருப்பர். காட்சிக்கு நிறுத்தும் நாளில் அவ்வடைப்பான்களைக் கழற்ற மறந்தால் உடலே தொட்டியாகிவிடும். மூடிகளை இறுக அடைத்துவிடுவதும் நன்றன்று. பகல் வெயிலில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, இரவிற் குளிர்ந்த இரும்பின்மேற் பனித்துளியாய்ப் படியும். ஆகவே மழை புகாமலும் காற்று உலவவும் வழி செய்தல் வேண்டும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65க்கு மேற்படின் துரு விரைந்து பரவும். கடற்கரை ஊர்களில் உப்பும் உடன் சேர்வதால், சேலத்து வறண்ட வெளியிற் பல்லாண்டு தாங்கும் தகடு அங்கே விரைவில் அரிக்கப்படும்.

இனி வர்ணம். விழா நாள் நெருங்கியதும் பழைய பூச்சின்மேற் புதுப் பூச்சு ஏற்றுவது எங்கும் காணும் வழக்கம். இது பேணுதலன்று, மறைத்தலே. துரு, தான் பிறந்த இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வதாகலின், பூச்சை உள்ளிருந்தே கொப்புளமாய்த் தூக்கி உடைக்கும். துருவைச் சுரண்டி, அடிப்பூச்சு இட்ட பின்னரே மேற்பூச்சு இடல் முறை. அதற்கும் முன்னர் ஒன்று செய்தல் வேண்டும். படைப்பிரிவின் குறிகளும் எண்களும் பழைய பூச்சிலேயே உள்ளன. அவை அவ்வூர்தியின் வரலாறு. அவற்றை நிழற்படம் எடுத்து, அளந்து குறித்துக்கொள்ளாமற் சுரண்டுவது கல்வெட்டைச் செதுக்கி எறிவதை ஒக்கும். பளபளக்கும் எனாமல் போர் ஊர்திக்குரியதன்று என்பதையும் ஈண்டுச் சொல்லிவைக்கிறேன். களத்தில் மின்னும் டாங்கியைப் பகைவனே விரும்புவான்!

ஏனையவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். பாட்டரியை அகற்றி, எரிபொருளை வடித்துவிடுக. பழைய எஞ்சின் எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்குமாதலால் அதனை மாற்றுக. உடலின் கீழ் வலிய தாங்கிகளை வைத்துச் சக்கரங்களின் பாரத்தைக் குறைக்க. பீரங்கி வாயை மூடுக. இன்றேல் பறவை கூடு கட்டும். நிற்குமிடம் புல் முளையாத, நீர் வழிந்தோடும் சரிவுடைய தளமாக இருத்தல் நலம். இரண்டாம் உலகப்போர்க் கால ஊர்திகளில் இரவில் ஒளிரும் முட்களுக்கு ரேடியம் பூசியிருக்கலாம். பிரேக்கிலும் எஞ்சின் இணைப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆர்வமிக்க இளைஞர் வெறுங்கையால் இவற்றைக் கழற்றத் துணிதல் கூடாது.

இத்தனைக்கும் மேலாக உதவுவது ஒரு கூரையே. இங்கிலாந்தின் பாவிங்டனில், 1943இல் துனீசியாவிற் கைப்பற்றிய ஜெர்மானியரின் டைகர் டாங்கியைக் கூரையின்கீழ் வைத்துப் போற்றி, இயங்கும் நிலையிலேயே காத்து வருகின்றனர். நம்மூரில் அத்துணைப் பொருட்செலவு இயலாதாயினும், நாற்புறமும் திறந்த ஒரு தகரக் கொட்டகை இயலும். அதுவும் இல்லாத இடத்தில், ஊர்திக்கொரு குறிப்பேடு வைத்து, ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் ஒருவர் அடியிற் புகுந்து வடிதுளையை ஒரு கம்பியாற் குத்திப் பார்த்துத் தேதியுடன் கையொப்பம் இடுவாராக. அவ்வேலைக்கு அரைமணி நேரமும் ஆகாது.