ஓடிபி வரலையா? பேங்க் மெசேஜ் எந்த இடத்துல நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

சம்பளம் ஏறின மெசேஜ் வரலைன்னா மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிடும். பக்கத்து சீட்காரருக்கு வந்திருக்கும், நமக்கு வந்திருக்காது. ஓடிபி வரலைன்னாலும் தெரியும், ஸ்கிரீன்ல 30 செகண்ட் ஓடிட்டே இருக்கும். ஆனா அக்கவுண்ட்ல இருந்து பணம் போன மெசேஜ் வரலைன்னா? அது வரலைங்கறதே நமக்குத் தெரியாதுங்க. இன்னிக்குப் பாடம் முக்கியமா அந்த மூணாவது மெசேஜுக்காகத்தான். ஆனா மூணும் ஒரே வழியில வர்றதால, வழியை முதல்ல பாத்துடலாம்.

பேங்க் மெசேஜ் மூணு இடத்துல நிக்கலாம்: பேங்க் பக்கம், நெட்வொர்க்ல, இல்ல உங்க போன்லயே. எதுலன்னு தெரியாம சிம்மை கழட்டி மாட்டிட்டு இருந்தா நேரம்தான் வீண். அதனால முதல்ல ஒரு டெஸ்ட்.

பட்டன் போன் டெஸ்ட்

யாராவது ஒருத்தரை உங்களுக்கு ஒரு சாதா எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்க. வாட்ஸ்அப் வேண்டாம். இப்ப ஆண்ட்ராய்டு போன்ல இருந்து அனுப்பற மெசேஜ் பல சமயம் ஆர்சிஎஸ் சாட்டா, இன்டர்நெட் வழியா போயிடுது. அது வந்து சேந்தா எஸ்எம்எஸ் வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லை. வீட்ல அப்பாவோ அம்மாவோ பட்டன் போன் வச்சிருந்தா அதுல இருந்து அனுப்பச் சொல்லுங்க, அதுதான் சரியான டெஸ்ட்.

அது வரலையா? கோளாறு உங்க சிம்லயோ போன்லயோ இருக்கு. சிம்மை வேற போன்ல போட்டுப் பாருங்க. அங்க வந்தா உங்க போன், அங்கயும் வரலைன்னா சிம் அல்லது நெட்வொர்க்.

அது வந்துடுச்சு, பேங்க் மெசேஜ் மட்டும் வரலையா? கஸ்டமர் கேருக்கு போன் போடறதுக்கு முன்னாடி ஃபில்டரை பாருங்க. கூகுள் மெசேஜஸ்ல மெனுவுக்குள்ள 'ஸ்பேம் அண்ட் பிளாக்டு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். என்னிக்கோ ஒரு லோன் விளம்பரம் வந்த கடுப்புல அந்த பேங்க் பேரை பிளாக் பண்ணியிருப்போம், அதே பேர்ல வர்ற அலர்ட்டும் அங்க போய் உக்காந்திருக்கும். ஐபோன்ல மெசேஜை டிரான்சாக்‌ஷன், புரமோஷன்னு தனித்தனியா பிரிச்சு வைக்கற ஃபில்டர் இருக்கு. நோட்டிஃபிகேஷன் இல்லாம அங்க கிடக்கலாம்.

ரெண்டு தப்பான வைத்தியத்தையும் இங்கயே சொல்லிடறேன். டிஎன்டி போட்டதால ஓடிபி வரலைன்னு சொல்வாங்க. டிஎன்டி நிறுத்தறது விளம்பரத்தைத்தான், ஓடிபி-யையோ டெபிட் அலர்ட்டையோ இல்லை. இன்னொண்ணு, 'எஸ்எம்எஸ் சென்டர் நம்பரை மாத்துங்க'. அந்த நம்பர் உங்க போன்ல இருந்து வெளிய போற மெசேஜுக்கானது, உள்ள வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

வெளிய போற மெசேஜ் எங்க முக்கியம்னா, யுபிஐ ஆப்பை புது போன்ல போடும்போது. 'எஸ்எம்எஸ் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு'ன்னு வந்தா எல்லாரும் ஓடிபி வரலைன்னு நினைக்கறாங்க. அங்க நடக்கறது தலைகீழ்: உங்க போன்தான் பேங்குக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, இந்த சிம் இந்த போன்லதான் இருக்குன்னு நிரூபிக்குது. டேட்டா பேக் மட்டும் போட்டு எஸ்எம்எஸ் பேலன்ஸ் இல்லாம இருந்தாலும், ரெண்டு சிம்ல தப்பான சிம் செலக்ட் ஆயிருந்தாலும் அது போகாது.

நெட்வொர்க்ல நிக்கறது

பொள்ளாச்சியில இருந்து வால்பாறை ஏறறப்ப பாத்திருப்பீங்க. 40 கொண்டை ஊசி வளைவுலயும் போன் அமைதியா இருக்கும், மேல போய் சிக்னல் கிடைச்சதும் மெசேஜா கொட்டும். எஸ்எம்எஸ் அப்படித்தான், போன் கிடைக்கலைன்னா நெட்வொர்க் அதை வச்சிருந்து திரும்பத் திரும்ப அனுப்பிப் பாக்கும். டெபிட் அலர்ட்டுக்கு இது வசதி, ஓடிபி-க்கு வினை. அஞ்சு நிமிஷத்துல காலாவதி ஆகற ஓடிபி பத்து நிமிஷம் கழிச்சு வந்து என்ன பிரயோஜனம்? இதுல நாம பண்றது என்னன்னா, 'ரீசென்ட்'டை நாலு தடவை அமுக்கறது. பெரும்பாலான இடத்துல புது ஓடிபி கேட்டதும் பழையது செல்லாது. அப்பறம் முதல்ல வந்ததைப் போட்டு, தப்புன்னு வந்து, அக்கவுண்ட் லாக் ஆகும். ஒரு தடவை ஏர்பிளேன் மோடை போட்டு எடுத்துட்டு, ஒரே ஒரு தடவை ரீசென்ட் கொடுங்க.

சிம் மாத்தறவங்க கவனிக்க வேண்டியது: சிம் தொலைஞ்சு புதுசு வாங்கினாலோ இ-சிம்முக்கு மாறினாலோ முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. 2022 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு அது. உங்க பேர்ல வேற யாராவது சிம் வாங்கினா உடனே ஓடிபி கிடைக்கக் கூடாதுங்கறதுக்காக. நல்ல விதிதான், ஆனா கிரெடிட் கார்டு டியூ தேதி அன்னிக்கு சிம் மாத்தினா நமக்குத்தான் கஷ்டம். மாசத்துல வேற நாள் பாத்துக்கோங்க.

பேங்க் பக்கம் நிக்கறது

இதுக்கு நாடே பாத்த உதாரணம் 2021 மார்ச் 8. அன்னிக்கு இந்தியா முழுக்க ஓடிபி நின்னுபோச்சு. பேங்க், ஆன்லைன் பேமென்ட், அப்ப ஓடிட்டிருந்த கோவின் தடுப்பூசி பதிவு, எல்லாமே அடி வாங்குச்சு. டவர் எதுவும் விழலை. டிராய் 2018-ல கொண்டுவந்த விதிப்படி, மெசேஜ் அனுப்பற ஒவ்வொரு நிறுவனமும் தன் பேரையும் வாசகத்தோட மாதிரியையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும். மார்ச் 8-ல இருந்து டெலிகாம் கம்பெனிங்க அதை நிஜமாவே சரிபாக்க ஆரம்பிச்சாங்க. திருப்பூர்ல கம்பெனி கேட்ல டெலிவரி சலானையும் வண்டியில இருக்கற பொருளையும் ஒத்துப் பாக்கற மாதிரி. சலான் ஒத்துவரலைன்னா வண்டி வெளிய போகாது. மாதிரியை சரியா பதிவு பண்ணாத நிறுவனங்களோட மெசேஜ் அப்படியே கேட்ல நின்னுச்சு. மறுநாளே டிராய் அந்தச் சரிபார்ப்பை ஏழு நாளைக்கு நிறுத்தி வச்சுது. அந்த மாசக் கடைசியில விதியை நிறைவேத்தாத நிறுவனங்கள்னு ஒரு பட்டியல் வெளியிட்டுது. அதுல நாம கணக்கு வச்சிருக்கற பெரிய பேங்குகளும் இருந்துச்சு.

இன்னிக்கும் அந்த கேட் இருக்கு. அதனால வேற எல்லா மெசேஜும் வந்து ஒரே ஒரு பேங்க்ல இருந்து மட்டும் வரலைன்னா, போனை ரீசெட் பண்ணாதீங்க. அது அவங்க சரிபண்ண வேண்டியது, நீங்க புகார் கொடுக்க வேண்டியது. அதே பேங்க்ல கணக்கு இருக்கற ஆபீஸ் நண்பருக்கு வருதான்னு கேட்டாலே பாதி விடை கிடைச்சிடும்.

கோளாறே இல்லாமலும் மெசேஜ் வராம இருக்கும். ஹெச்டிஎஃப்சி பேங்க் 2024 ஜூன் 25-ல இருந்து, யுபிஐ-ல 100 ரூபாய் வரைக்கும் அனுப்பறதுக்கும் 500 ரூபாய் வரைக்கும் வர்றதுக்கும் எஸ்எம்எஸ் அனுப்பறதை நிறுத்திடுச்சு, இமெயில் மட்டும்தான். உங்க பேங்க்ல இந்த வரம்பு எவ்வளவுன்னு ஒரு தடவை பாத்து வச்சுக்கோங்க.

எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது பழைய நம்பர்தான். காலேஜ் படிக்கறப்ப ஈரோட்லயோ கோபியிலயோ திறந்த அக்கவுண்ட், அதுல அப்பா வாங்கிக் கொடுத்த நம்பர். வேலைக்கு கோவை வந்ததும் வேற நம்பர், பழசுக்கு ரீசார்ஜ் இல்லை. 90 நாள் பயன்பாடே இல்லாத நம்பரை கம்பெனி துண்டிக்கலாம். துண்டிச்சு குறைஞ்சது 90 நாள் ஆனதும் அது வேற ஒருத்தருக்குப் போகலாம். அப்பறம் உங்க டெபிட் மெசேஜ் யாரோ ஒருத்தருக்குப் போய்ச் சேரும். நெட் பேங்கிங் புரொஃபைல்ல நம்பரோட கடைசி சில எண்கள் தெரியும். சம்பள அக்கவுண்ட்ல மட்டும் பாத்தா பத்தாது, எஃப்டி போட்டிருக்கற ஊர் பேங்க்லயும் பாருங்க.

பயப்பட வேண்டிய அமைதி

பீளமேட்டு ஆபீஸ்ல அதே நெட்வொர்க்ல எல்லாருக்கும் சிக்னல் இருக்கு, உங்களுக்கு மட்டும் 'நோ சர்வீஸ்'னு மணிக்கணக்கா காட்டுதுன்னா, யாராவது உங்க சிம்மை மாத்தி வாங்கியிருக்கலாம். வேற போன்ல இருந்து டெலிகாம் கம்பெனிக்கும் பேங்குக்கும் உடனே பேசுங்க.

ரெண்டாவது, வாட்ஸ்அப்ல 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் சலான்'னு வர்ற ஏபிகே ஃபைல். அதை இன்ஸ்டால் பண்ணி எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்துட்டா, உங்க ஓடிபி-யை அது படிச்சு அந்தப் பக்கம் அனுப்பும், உங்க கண்ணுல படாமலும் பண்ணும். செட்டிங்ஸ்ல பெர்மிஷன் மேனேஜருக்குள்ள எஸ்எம்எஸ் அனுமதி யார் யாருக்கு இருக்குன்னு பாருங்க. மெசேஜ் ஆப், பேங்க் ஆப் தவிர வேற ஏதாவது இருந்தா எடுத்துடுங்க.

மூணு வேலை நாள்

இனி பணக் கணக்குக்கு வருவோம். ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, உங்க தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம நடந்த மோசடியில நீங்க எவ்வளவு இழப்பை ஏத்துக்கணும்னு சொல்லுது. பேங்க் தகவல் கிடைச்ச நாளை விட்டுட்டு 3 வேலை நாளுக்குள்ள சொன்னா இழப்பு பூஜ்யம். 4-ல இருந்து 7 வேலை நாளுக்குள்ளன்னா சாதா சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதுக்கு மேல போனா பேங்க்கோட கொள்கைப்படி. ஓடிபி-யை நீங்களே சொல்லியிருந்தா இந்தக் கணக்கு பொருந்தாது. புகார் சொல்ற வரைக்கும் போனது உங்க இழப்பு.

உதாரணத்துக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி 40,000 ரூபாய் போயிடுச்சு, அப்பவே மெசேஜும் வந்துச்சுன்னு வைங்க. மறுநாள் ரெண்டாவது சனிக்கிழமை, அப்பறம் ஞாயிறு. ரெண்டும் கணக்குல வராது. திங்கள், செவ்வாய், புதன். புதனுக்குள்ள புகார் போயிருக்கணும். அடுத்த திங்கள் சொன்னீங்கன்னா 10,000 ரூபாய் வரைக்கும் உங்க தலையில.

மெசேஜே வரலைன்னா? நாள் எண்ணறது தகவல் கிடைச்சதுல இருந்துதான், வாடிக்கையாளர் மேல பொறுப்புன்னு நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான். ஆனா பேங்க் தன் பக்கம் 'அனுப்பியாச்சு'ன்னு பதிவைக் காட்டலாம். அது உங்க இப்போதைய நம்பருக்குப் போயிருந்தா நீங்க வாதாட இடம் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி விட்டுட்ட நம்பருக்குப் போயிருந்தா கஷ்டம்.

அதனால எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாம இமெயில் அலர்ட்டையும் பேங்க் ஆப் நோட்டிஃபிகேஷனையும் ஆன் பண்ணுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள், திங்களும் வியாழனும்னு வச்சு, ஸ்டேட்மென்ட்டை ரெண்டு நிமிஷம் பாருங்க. அப்படிப் பாத்தா எந்த டெபிட்டும் மூணு வேலை நாளுக்கு மேல கண்ணுல படாம இருக்காது.

பணம் போனது தெரிஞ்சா முதல்ல பேங்க் ஹெல்ப்லைன், கூடவே 1930. போன்ல சொன்னதோட விட்டுடாம புகார் எண்ணை வாங்குங்க, அதே நாள் இமெயில்லயும் எழுதுங்க: எந்த நம்பர் பதிவு பண்ணியிருக்கு, எந்த நேரத்து பரிவர்த்தனைக்கு மெசேஜ் வரலை, எப்ப தெரிஞ்சுது. மெசேஜ் லிஸ்ட்டையும் ஸ்பேம் ஃபோல்டரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதோட சேருங்க. புகார் போன 10 வேலை நாளுக்குள்ள பேங்க் அந்தத் தொகையை தற்காலிகமா கணக்குல வைக்கணும், 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். 30 நாள் ஆகியும் பதிலே இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம்; 14448-ல கூப்பிட்டா வழி சொல்வாங்க, புகார் கொடுக்க காசு கிடையாது.