ஃபைபர் படகுக்குள் இற்றுப்போன பலகை

கேள்வி: பழைய ஃபைபர் படகில் எஞ்சின் மாட்டும் பின்பலகையைத் தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது. மேலே இன்னொரு ஃபைபர் பூச்சு போட்டால் போதாதா? (வாசகர், அயனம்பாக்கம்)

பதில்: போதாது. மந்தமான ஒலி உள்ளிருக்கும் மரம் அழுகியிருக்கலாம் என்பதன் அறிகுறி; மேற்பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து அழுகலை வளர்க்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளின் ஓடு, கண்ணாடி இழையும் பிசினும் இறுகியதாதலால், மக்குவதில்லை. ஆனால் பல படகுகளில் பின்பலகை என்பது இரு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பொதிந்த ஒட்டுப்பலகையே ஆகும். போல்ட் துளைகளின் வழியே கசியும் நீர் வெளியேற வழியின்றித் தங்கும்போது, ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிய மரத்தைப் பூஞ்சை அரிக்கத் தொடங்குகிறது. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுப்பதால், கடல்நீரைவிட ஏரிநீரும் தேங்கிய மழைநீருமே கூடுதல் கேடு செய்கின்றன.

சிறு துளையிட்டு, வரும் தூள் கருத்து ஈரமாக இருக்கிறதா எனப் பார்ப்பது முதல் சோதனை. அழுகியிருந்தால், படகின் வடிவம் கெடாதிருக்க வெளித்தோலை விட்டுவிட்டு உட்தோலை மட்டும் அறுத்து, நல்ல மரம் தென்படும்வரை சுரண்டி, முழுவதும் உலர்த்தவேண்டும். இதற்கு மழைக்காலத்தைவிடக் கோடையே உகந்தது. பின்னர் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை, மரத்தைப் பாலியெஸ்டர் பிசினைவிட உறுதியாகப் பற்றும் எபாக்ஸிப் பிசினில் பதித்து, கண்ணாடி இழைப் பாய்களால் மூடவேண்டும். போல்ட் துளைகளைப் பெரிதாகக் குடைந்து எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் மறுதுளையிடுவது இன்றியமையாதது. இதைத் தவிர்த்தால் புதுப்பலகையும் அழுகும். பாலியெஸ்டர் பயன்படுத்துவோர் அதன் கோபால்ட் முடுக்கியையும் இறுக்கும் வினையூக்கியையும் நேரடியாக ஒன்றுகலக்கக் கூடாது, ஏனெனில் அக்கலவை வெடிக்கக்கூடியது.