காற்றின் பெயரும் திசையும்

காற்றுக்கு உருவமில்லை, ஆயினும் நம் முன்னோர் அது வரும் திசை நோக்கி நான்கு பெயர்களிட்டனர். தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. இவற்றை இளம் பருவத்தில் மனப்பாடஞ் செய்த நாம் பின்னர் மறந்தோம். இன்று மெல்லென வீசுங் காற்றையெல்லாம் தென்றலென எழுதுகின்றோம். வாடை என்னுஞ் சொல் பேச்சுவழக்கில் நாற்றத்தைக் குறிப்பதாய் நின்றுவிட்டது. கோடை என்றவுடன் வெயிற்காலமும், கொண்டல் என்றவுடன் மேகமுமே நினைவுக்கு வருகின்றன. ஆதலின் இச்சொற்களின் பொருளையும் ஆட்சியையும், தேனியும் கம்பம் பள்ளத்தாக்குமாகிய நம் நிலத்தை முன்வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் உணரத்தக்க விதி ஒன்றுண்டு. காற்று எத்திசையினின்று வருகின்றதோ அத்திசையாலேயே பெயர் பெறும், செல்லுந் திசையாலன்று. மேல்காற்று என்பது மேற்கே போகுங் காற்றன்று. மேற்கினின்று புறப்பட்டுக் கிழக்கே செல்வது. தேர்வுத் தாள்களில் மாணவர் பலர் இவ்விடத்தே இடறுகின்றனர். வானிலை நூலாரும் இவ்விதியையே கைக்கொள்வர். அவர்கள் வடக்கினின்று வலமாக எண்ணி, 270 பாகை என்று குறித்தால் அது மேற்கினின்று வருங் காற்றாம். கடல் நீரோட்டத்திற்கோ இம்முறை மாறும். அது செல்லுந் திசையாலேயே சொல்லப்படும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? காற்று தான் கடந்து வந்த இடத்தின் தன்மையைச் சுமந்து வருவது. கடல் கடந்து வந்ததாயின் ஈரமும், வறண்ட நிலங் கடந்து வந்ததாயின் வெம்மையும் உடையதாகும். ஆதலின் அது வந்த இடத்தை அறிதலே உழவனுக்கும் பரதவனுக்கும் பயன் தருவது. நெடுநல்வாடை என்னும் பத்துப்பாட்டு நூலின் பெயரிலேயே வாடை அமைந்திருத்தலை நோக்குக. அங்கு வாடை என்பது ஒரு திசை மட்டுமன்று. கூதிர்காலத்தின் குளிரும், தலைவனைப் பிரிந்த அரசியின் துயரும் அச்சொல்லில் அடங்கியுள்ளன.

இனி, மேற்கு, கிழக்கு என்னுஞ் சொற்களைக் காண்போம். மேல் என்பது உயர்வையும், கீழ் என்பது தாழ்வையும் குறிக்கும். தமிழ்நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்து செல்வது. இதனை நம் பள்ளத்தாக்கினர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மேற்கே ஏலமலையும் தென்கிழக்கே மேகமலையும் நிற்க, இடையே கூடலூர் தொடங்கித் தேனி வரை நிலம் வடகிழக்காகச் சரிந்து செல்கின்றது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுந் தென்மேற்குப் பருவக்காற்று, கேரளத்து மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரங்குறைந்து நம் பக்கம் இறங்குகின்றது. குமுளியில் பெருமழை பெய்யும் நாளில் கம்பத்தில் சாரலே விழுவது இதனாலாம். ஆயினும் அம்மழை நமக்கு முற்றும் அயலானதன்று. 1895-ல் முடிவுற்ற பெரியாறு அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து நம் வயல்களை நனைக்கின்றது. அக்காற்றின் விசையோ ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. அதன் பெயரையே தலைப்பாகக் கொண்டு, தேனிப் பக்கத்தைக் களமாக்கி 2010-ல் ஒரு திரைப்படமும் வெளிவந்தது.

ஒரே காற்றுக்கு இடந்தோறும் பெயர் வேறுபடுதலும் உண்டு. ஈழத்துத் தமிழர் தென்மேற்கினின்று வருவதைச் சோளகம் என்றும், மேற்கினின்று வருவதைக் கச்சான் என்றும் வழங்குவர். பெயர் வேறாயினும் விதி ஒன்றே. கடற்காற்று கடலினின்றும், நிலக்காற்று நிலத்தினின்றும் வருவன. அவ்வாறே மலைநாட்டில், பகலில் வெயிலாற் சூடேறிய சரிவின் வழியே மேலேறுவது பள்ளத்தாக்குக் காற்று. இரவில் குளிர்ந்து கீழிறங்குவது மலைக்காற்று.

இது சொல்லாராய்ச்சி மட்டுந்தானா என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். 2018 மார்ச் 11-ஆம் நாள் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்றோருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்த துயரை நம் மாவட்டம் மறவாது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ இயல்பாகவே மேல்நோக்கி விரைவது. காற்றுஞ் சேர்ந்தால் அதன் வேகம் மனிதனின் ஓட்டத்தையும் மிஞ்சும். அத்தகைய வேளையில் ஒருவர் ‘மேல்காற்று வீசுகிறது’ என்று எச்சரித்தால், கேட்பவர் அதனை மேற்கே போகுங் காற்றென்று கொள்ளலாகாது. தீ கிழக்கே தள்ளப்படும் என்பதே அதன் பொருள். ஒரு சொல்லைத் தலைகீழாய் உணர்வதால் வரக்கூடிய கேடு அத்துணைப் பெரிது.

ஆதலின் மாணவ நண்பர்களே, எழுதும்போது ஐயத்திற்கு இடங்கொடாதீர்கள். காற்று வருந் திசையைச் சொல்ல ‘தெற்கினின்று வருங் காற்று’ என்றும், செல்லுந் திசையைச் சொல்ல ‘தெற்கு நோக்கி வீசுங் காற்று’ என்றும் விரித்தெழுதுங்கள். தென்றல் என்னும் பெயரைத் தெற்கினின்று வருவதற்கே உரிமையாக்குங்கள். விடுமுறையில் ஊர் சென்றால் களத்தில் நெல் தூற்றுவாரிடமும், வாழைக்கு முட்டுக் கொடுப்பாரிடமும் அவர்கள் காற்றுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டுக் குறித்து வாருங்கள். அகராதியில் ஏறாத சொற்கள் அவர்களிடம் இன்னும் இருத்தல் கூடும். அவற்றைத் திரட்டி வைப்பது நம் கல்லூரித் தமிழ் மாணவர்க்கு ஏற்றதொரு பணியாகும்.